ஆறு நொடி முனங்கல்

வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் ஒலிப் பிரிவிலிருந்து விலகுகிறேன். ஓய்வு பெறுகிற வயதில்லை. முப்பத்தொன்றுதான் ஆகிறது. மதுரையில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் மைக்கை எங்கே வைப்பது, இரைச்சலை எப்படிக் குறைப்பது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நீங்கள் அதைப் படித்துவிட்டு வந்தவர்கள். நான் கல்லூரியில் இயற்பியல் படித்தேன், ஒலியை இங்கே வந்துதான் படித்தேன். அந்த விஷயத்தில் நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நம்முடைய ‘வண்டித்தடம்’ விளையாட்டின் நான்காம் கட்டத்தை ஆடிப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் மிச்சமிருக்கிற ஆடுகளோடு காய்ந்த கண்மாயைக் கடக்கும் இடம். அங்கே இப்போது ஆர்மோனியம் மட்டும் கேட்கும். விளையாட்டு வெளியான முதல் ஏழு வாரம் அங்கே இன்னொன்றும் இருந்தது. அதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் எழுதுகிறார்கள், ஏன் எடுத்தீர்கள் என்று. இனி அந்தக் கடிதங்கள் உங்களுக்கு வரும். பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது கம்பெனியில் ஆறு பேர். வயது நாற்பதைத் தொடாத முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டித் தொழிலில் இருப்பது. இவர் மட்டும் அதை விட்டுவிட்டு, கோவில்பட்டியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப்போகிறேன் என்று கிளம்பியவர். ‘எங்கய்யா கேட்டாருன்னா நம்ம என்ன செய்யுதோம்னு சொல்லுவிய?’ என்று எங்களிடம் அடிக்கடி கேட்பார். யாருக்கும் சரியான பதில் வந்ததில்லை. அவருக்கும் வந்ததில்லை.

‘வண்டித்தடம்’ பாதி முடிந்திருந்தபோது அண்ணாச்சி ஒருவரை அழைத்துவந்தார். கல்லூரி விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர். சொந்த ஊர் கயத்தாறு. நீங்கள் எல்லாரும் அவர் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். பேருந்தில், கல்யாண வீட்டில், கைப்பேசி அழைப்பு மணியாகக் கேட்டிருப்பீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன். பாடகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதுவரை செய்து வைத்திருந்த ஏழு இசைத் துண்டுகளையும் அவர் கேட்டார். ‘மிச்சம் அஞ்சு வேணுமா? நான் வாசிக்கட்டா?’ என்றார்.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். உடனே முகம் மாறிவிட்டது. ‘ஒனக்கு அந்த பாட்டுக் கம்பெனிக்காரனோட ஒப்பந்தம் இருக்குல்லா?’

‘இருக்கு. பேரும் கொரலும் அவிய கையில. அது முடியுத வரைக்கும் வேற எங்கனயும் எம் பேரு வரக் கூடாது, எங் கொரலு வரக் கூடாது. வெரலப் பத்தி ஒண்ணும் எழுதல. வெரலு என்னோடதுதான்.’

அப்படித்தான் தொடங்கியது. அவர் பெயர் எங்கும் வராது. அவர் பாட மாட்டார். வாசிப்பது மட்டும். பணமும் வேண்டாம் என்றார். சென்னையில் தன்னைச் செய்ய விடாத ஒன்றை இங்கே செய்துவிட்டுப் போவதாகச் சொன்னார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. பிற்பாடு, அவர் வாசித்ததைக் கேட்டபோது ஓரளவு விளங்கியது. அவருடைய பாட்டுகள் ஒவ்வொன்றும் முதல் நான்கு நொடிக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும். இங்கே வாசித்தவை யாரையும் பிடிக்க முயலவில்லை.

அப்போது நம் அறைச் சுவரில் பஞ்சுப் பலகைகள் கிடையாது. கீழே கடலை மிட்டாய்ப் பட்டறை. கடலை உடைக்கும் இயந்திரம் காலை எட்டு மணிக்கு ஓடத் தொடங்கினால் மேலே மேசை வரைக்கும் அதிரும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்காக நிறுத்துவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்குப் பதிவு நேரம். அவரைப் போன்ற ஒருவர் பன்னிரண்டரைக்கே வந்து படியில் உட்கார்ந்து, இயந்திரம் நிற்கட்டும் என்று காத்திருப்பார். நானும் கூட உட்கார்ந்திருப்பேன். பட்டறையில் வேலை பார்க்கும் பெண்கள் சாப்பாட்டு வாளியோடு தாண்டிப் போவார்கள். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. முகத்தைவிடக் குரலால் அறியப்பட்டவர் அவர். அவர் வாயைத் திறக்காமல் இருந்தார்.

முதல் நாள் தாளத்துக்குத் தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்க்கலாம் என்றார். அண்ணாச்சி வீட்டுத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஒரு பண்டல் வந்தது. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவர் இரண்டு பெட்டிகளை எடுத்துக் குலுக்கினார். ஒன்றும் வரவில்லை. வேகமாகக் குலுக்கினார். அப்போதும் பொத்துப் பொத்தென்றுதான் கேட்டது.

‘அண்ணே, முழுப் பெட்டி பேசாது. குச்சி நெருக்கமா கெடக்கும். பாதிய எடுத்துருங்க’ என்றேன்.

‘ஒனக்கு எப்படித் தெரியும்?’

‘எங்கம்மா பெட்டி அடச்சவ.’

பாதியை எடுத்துவிட்டுக் குலுக்கினார். பேசியது. நான் அதோடு நிற்கவில்லை. மூன்றாவது பதிவில் அவர் தாளத்தில் லேசாக ஓடினார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். ‘நடுவுல வேகமாப் போயிட்டீங்க. இது ஆடு நடக்குத நட. ஓட்டுதவ ஓடலாம், ஆடு ஓடாது.’

அவர் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். ‘ஏலே, நீ வேலைக்கு ஆள் எடுத்தியா, வாத்தியாரம்மா எடுத்தியா?’

‘ரெண்டும் ஒரே சம்பளத்துல’ என்றார் அண்ணாச்சி.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற ஒருவரை நிறுத்தி, திருப்பி வாசிக்கச் சொன்னேன், அவர் வாசித்தார். வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை மிதிக்கக் கால் வேண்டியிருக்கவில்லை. இதைச் சொல்வது அலட்டிக்கொள்ள இல்லை. அடுத்து நடந்ததற்கு அந்த மிதப்பும் ஒரு காரணம். ஒருவர் நம்முடைய காதை நம்பிவிட்டால், அவர் சார்பில் நாமே முடிவெடுக்கலாம் என்று தோன்ற ஆரம்பிக்கும். அந்த நினைப்பு வரும்போது கவனமாக இருங்கள்.

நான்காம் கட்டத்துக்கு ஆர்மோனியம். அண்ணாச்சி வீட்டுப் பக்கத்துப் பஜனை மடத்திலிருந்து இரவல் வாங்கியது. துருத்தியில் சின்னக் கசிவு. அந்தக் காற்றுச் சத்தமும் வரட்டும் என்று மைக்கை மிக அருகே வைத்தேன். மதியம் ஒன்று ஐந்துக்கு முதல் பதிவு. விரல் தவறிவிட்டது. இரண்டாவது பதிவில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அந்தக் கண்மாய் அதில் இல்லை. மூன்றாவது பதிவில் பாதி தாண்டியபோது அவர் கண் மூடியிருந்தது. என் காதில் மாட்டியிருந்த கருவியில் திடீரென்று ஒரு முனங்கல் கேட்டது.

ஹம்மிங் என்று சொன்னால் அது பாடியதாகிவிடும். இது பாட்டில்லை. மூட்டை தூக்குகிறவர் தன்னை அறியாமல் விடுகிற மூச்சுச் சத்தம் போல, தொண்டையின் அடியில் தொடங்கி, ஆர்மோனியத்தின் சுரத்தைத் தொட்டு, விட்டுவிட்டுப் போனது. ஆறு நொடி. பிறகு வாய் மூடி, வாசிப்பு முடிந்தது.

கண் திறந்து கேட்டார், ‘எப்படி இருந்திச்சி?’

‘நல்லா இருக்குண்ணே’ என்றேன்.

இவ்வளவுதான் நான் செய்த தவறு. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

அவர் முனங்கியது அவருக்குத் தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் அது கேட்டது எனக்கு மட்டும்தான். சொல்லியிருந்தால் நான்காவது பதிவு எடுத்திருப்போம். இயந்திரம் மறுபடி ஓட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் பதிவு நோட்டில் மூன்று என்று எழுதி, பக்கத்தில் ‘நல்லது’ என்று எழுதினேன். முனங்கலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த நோட்டு இப்போதும் அலமாரியில் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். கையெழுத்து மிக அழகாக இருக்கும்.

விளையாட்டை வெளியிடும்போது இசை யாருடையது என்று ஒரு பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் போட முடியாது. பன்னிரண்டில் ஏழு என்னுடையது, பன்னிரண்டையும் சீர்செய்து இடத்தில் வைத்ததும் நான். ‘ஒம் பேரையே போட்டுருதேன், பேச்சி’ என்றார் அண்ணாச்சி. வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாட்டு முடிந்ததும் கறுப்புத் திரையில் ‘இசை: பேச்சியம்மாள்’ என்று தனியாக ஒரு வரி வரும். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் படித்த கல்லூரியிலிருந்து கூப்பிட்டு, ஆண்டு விழாவுக்கு வரச் சொன்னார்கள். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

விளையாட்டு நாங்கள் நினைத்ததைவிட நன்றாகப் போனது. ஆடியவர்களில் பலர் நான்காம் கட்டத்தைத்தான் எழுதினார்கள். அந்த இடத்தில் ஒரு குரல் வருகிறதே, யார் அது, அந்தப் பெண்ணின் செத்துப்போன அப்பாவா என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நாங்கள் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. அது ஒரு மனிதர் தன்னை மறந்த ஆறு நொடி. எல்லாருக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது.

ஏழாவது வாரம், ஒரு பெண் அந்த ஆறு நொடியை மட்டும் வெட்டி, பாடகருடைய பழைய பாட்டு ஒன்றின் தொடக்கத்தோடு ஒட்டி இணையத்தில் போட்டாள். ஒட்டிய இடம் தெரியவில்லை. ஒரே தொண்டை. நிரல் எழுதும் மாரியப்பன் தன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

‘பேச்சிக்கா, நீங்க எப்ப இருந்து ஆம்பளக் கொரல்ல பாடுதீங்க?’

நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திவிட்டான்.

அடுத்த நாள் பாட்டுக் கம்பெனியின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. நான்காம் கட்டத்தில் உள்ள குரல் யாருடையது? இசையமைப்பாளர் என்று போட்டிருப்பவர் தம் கையெழுத்தோடு இரண்டு நாளில் பதில் தர வேண்டும். பதில் வரும்வரை பாடகரின் புதிய பாட்டுகளை வெளியிடாமல் நிறுத்திவைத்திருப்பதாகவும் அதில் இருந்தது. இரண்டு வருடமாக அவர் செய்துகொண்டிருந்த பாட்டுகள். அடுத்த மாதம் வருவதாக இருந்தவை.

அண்ணாச்சி மறுநாள் காலை எங்கள் எல்லாரையும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பதிலை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். இரண்டே வரி. பன்னிரண்டு இசைத் துண்டுகளும் என்னால் உருவாக்கப்பட்டவை. நான்காம் கட்டத்தில் உள்ளது என் குரல்தான், கருவியால் தாழ்த்தப்பட்டது.

‘செய்ய முடியும்லா? ஒங் கொரலக் கொறச்சா அப்படி வருமா?’

‘வரும், அண்ணாச்சி.’

பொய் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலமே முயன்று பார்த்துவிட்டேன். வெளியாள் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

‘அப்ப என்ன? ஒரு கையெழுத்து. அவனும் தப்பிப்பான், நம்மளும் தப்பிப்போம். பேரு ஏற்கனவே ஒம் பேருதான.’

‘அந்த அஞ்சும் என்னோடது இல்லையே.’

‘திரையில வந்தப்ப மட்டும் ஒன்னோடதா இருந்திச்சா?’

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் கைநாட்டு. கைநாட்டு வைப்பவரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள், அவருக்குத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். படித்தவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. தாளை இரண்டு முறை படித்தேன். மதியம் வரை நேரம் கேட்டேன்.

‘யோசிக்க என்ன இருக்கு?’

‘அவிய கிட்ட யாராவது கேட்டமா?’

அண்ணாச்சி அந்த இரண்டு நாளில் அவரைக் கூப்பிடவே இல்லை. நண்பனைக் காப்பாற்றுகிற அவசரத்தில் நண்பனிடம் கேட்க மறந்துவிட்டார். நான் கேட்காததற்குக் காரணம் வேறு. கேட்டும் சொல்லாமல் விட்டதை அவரிடம் சொல்லித்தானே ஆக வேண்டும் என்ற பயம்.

படியில் உட்கார்ந்து பாடகரைக் கூப்பிட்டேன். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வந்த கடிதத்தையும் அண்ணாச்சி தட்டச்சு செய்து வைத்திருந்த பதிலையும் சொன்னேன். அவர் சலித்துப்போயிருந்தார். ‘எனக்கு ஒண்ணும் வெளங்கல, தங்கச்சி. நான் பாடவே இல்ல. அது எப்படி எங் கொரலு?’

‘முனங்குனீங்கண்ணே. ஆர்மோனியம் வாசிக்கயில.’

‘எத்தனையாவது பதிவுல?’

‘மூணாவது.’



‘நீ எப்பக் கேட்ட? பொறவு ஓட்டிப் பாக்கயிலயா?’

இங்கே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

‘அப்பவே கேட்டேன்.’

‘அப்பச் சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேனே.’

‘அதான் சொல்லல.’

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ‘சரி. அவன் எழுதி வச்சிருக்கதுல கையெழுத்தப் போட்டுரு. எம் பாட்டு வெளிய வரணும். ஒன்னால வந்தது, நீயே முடிச்சுரு’ என்றார்.

‘எங் கொரலுன்னு எழுத மாட்டேண்ணே.’

‘ஓ. நீ யோக்கியம் ஆயிருவ. நான் மாட்டிக்கிடணும்.’

அவரை நான் மாட்டவிட முடியாது. பொய்யும் எழுத முடியாது. அந்தப் படியில் உட்கார்ந்துதான் மூன்றாவது வழி ஒன்று தெரிந்தது. அதைப் பெரிய யோசனை என்று நினைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் அது. எனக்கு நஷ்டம் என்பதால் அதுவரை கண்ணில் படவில்லை.

‘வெரலப் பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்ல, அது உங்களோடது. கொரல நீங்க குடுக்கல. நான் எடுத்தேன். அத அப்படியே எழுதிக் குடுக்கேன். வாசிச்சவருக்குத் தெரியாது, நான் கேட்டுட்டு மறைச்சேன்னு. அஞ்சும் என்னோடது இல்லைன்னும் எழுதுதேன்.’

‘ஒம் பேரு போயிருமே.’

‘அது எம் பேருல்லா. நான் பாத்துக்கிடுதேன்.’

‘எழுதி அனுப்பு. பாத்துட்டுச் சொல்லுதேன்.’

அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். அதில் ஒரு வரி: ‘பதிவின்போது வாசித்தவர் தம்மை அறியாமல் எழுப்பிய குரல் தவறுதலாக இசையில் இடம்பெற்றுவிட்டது.’ உடனே கூப்பிட்டார்.

‘தவறுதலாங்கத எடுத்துரு. தவறுதலா இல்லல்லா. தெரிஞ்சுதான வச்ச?’

எடுத்தேன். ‘தெரிந்தே வைத்தேன்’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டு வழக்கறிஞருக்கு அனுப்பினேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கோபமாக இருந்த மனிதர் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் நான் ஒளிந்திருந்தேன்.

பாட்டுக் கம்பெனி நான்கு நாள் எடுத்துக்கொண்டது. மூன்று நிபந்தனைகள் வந்தன. முனங்கலை எடுத்துவிட வேண்டும். இந்த விளையாட்டோடு சேர்த்து அவர் பெயரை எப்போதும் எங்கும் சொல்லக் கூடாது. அந்த ஐந்துக்கும் யார் பெயரும் போடக் கூடாது. அண்ணாச்சி ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். வெட்டியது நான்தான். முனங்கல் இல்லாத இரண்டாவது பதிவிலிருந்து அந்த இடத்துக்குரிய நொடிகளை எடுத்து ஒட்டினேன். ஒட்டு தெரியாது. இடம் உயிரில்லாமல் போனது தெரியும்.

திரையில் இப்போது ஏழு துண்டுகளின் பெயர்களோடு, மற்றவர்களுக்கு நடுவே, சின்ன எழுத்தில் என் பெயர் வருகிறது. கல்லூரிக்கு எழுதி, பாராட்டப்பட்டது உட்பட ஐந்து துண்டுகள் என்னுடையவை அல்ல என்று சொன்னேன். மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். ஆண்டு விழா தேதி பிறகு எனக்கு வரவில்லை. அந்த ஏழும் நல்ல இசைதான். யாரும் அவற்றைப் பற்றி எழுதுவதில்லை என்பதற்காக அவை குறைந்துவிடாது. இதையும் சொல்லிவைக்கிறேன்.

அண்ணாச்சி இரண்டு வாரம் என்னோடு வேலை தவிர வேறு பேசவில்லை. பிறகு ஒரு நாள் தீப்பெட்டி ஆபீசில் நடந்த ஏதோ தகராறைச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன், சரியாகிவிட்டது. பாடகரின் பாட்டுகள் சொன்ன மாதத்திலேயே வெளிவந்தன. அவர் மறுபடி இங்கே வரவில்லை. அதற்குப் பிறகு வேறு யார் வாசிக்க வந்தாலும், ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் நான் கேட்டதை எல்லாம் சொல்லிவிடுவேன். தும்மல், வயிற்றுச் சத்தம், வளையல், நாற்காலி, எல்லாம். ‘வச்சுக்கிடட்டா, எடுத்துரட்டா?’ சிலர் எரிச்சல் படுவார்கள். படட்டும். நம் வேலையில் காது ஆளை முந்திவிடுகிறது. அவர்களுக்குத் தெரியாததை நாம் கேட்டுவிடுகிறோம். மருத்துவரும் அப்படித்தான் கேட்கிறார், ஆனால் கேட்டதை நோயாளியிடம் சொல்கிறார்.

பெயர் போடாமல் விடுவது அநியாயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து, அவருக்கு நேர்ந்த அநியாயம் பெயர் இல்லாததுதான் என்று சில காலம் மனதைத் தேற்றிக்கொண்டேன். பெயரில்லாமல் வாசிக்க அவர் சம்மதித்தார். முனங்கலுக்கு யாரும் அவர் சம்மதம் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அண்ணாச்சிதான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். உற்சாகமாக இருந்தார். ‘பேரு போட முடியாது, எழுதிக் குடுத்தாச்சு. ஆனா கொரலு இனி அவனோடதுதான? அவன் சரின்னா அவியளும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. அந்த ஆறு நொடியத் திருப்பி வச்சுருவமா? எத்தன பேரு கேக்காவ!’

என்னையே கேட்கச் சொன்னார். இந்த முறை நான் தள்ளிப்போடவில்லை. அன்றைக்கே கூப்பிட்டேன். நன்றாகப் பேசினார். மதுரை வேலையைப் பற்றி விசாரித்தார். மூன்றாவது பதிவு என்னிடம் அப்படியே இருக்கிறது என்று சொன்னேன். எத்தனை பேர் கேட்டு எழுதுகிறார்கள் என்றும் சொன்னேன். கடிதங்கள் இரண்டைப் படித்துக்கூடக் காட்டினேன்.

‘நல்லா இருக்கும்போல’ என்றார். அவர் அதை இன்னும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளையாட்டை அவர் ஆடியதில்லை. இணையத்தில் வந்ததையும் திறக்கவில்லை.

‘அனுப்பட்டாண்ணே? கேட்டுட்டுச் சொல்லுங்க.’

‘வேண்டாம், தங்கச்சி. நான் வாசிச்சது அஞ்சு. அது அங்கன இருக்கு, இருக்கட்டும். இது நான் குடுத்தது இல்ல. நீ எடுத்தது.’

குரலில் கோபம் இல்லை. விலைப்பட்டியலில் ஒரு பிழையைச் சுட்டுகிற மாதிரி சொன்னார். அந்தப் பதிவை என்ன செய்வது என்று கேட்டேன். ‘எங்கிட்டக் கேக்கியே, அது போதும். எனக்கு வேண்டாம். ஒங்களுக்கும் வேண்டாம்’ என்றார்.

ஆகவே, கடிதம் எழுதுகிறவர்களுக்கு நீங்கள் எழுத வேண்டிய பதில்: அந்தக் குரல் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை, அதனால் எங்களிடம் இல்லை. யாருடையது என்று கேட்டால், சொல்வதற்கில்லை.

‘எங்களிடம் இல்லை’ என்பதும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதால் நேற்று வேலைக் கணினியில் இருந்த அந்தக் கோப்பையும், இரண்டு வட்டுகளில் இருந்த நகல்களையும் எடுத்துவைத்தேன். மணி ஒன்று பத்து. கீழே இயந்திரம் நின்றிருந்தது. நல்ல நிசப்தம். அழிப்பதற்கு முன் ஒரு முறை கேட்டுவிடலாம் என்று காதில் கருவியை மாட்டிவிட்டேன். மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டாமலே கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மூன்றையும் அழித்தேன்.